அறுசுவை அளவுகோலும் எளிய விலை ஒயின்களும்: போடிநாயக்கனூர் – ஏலமலைச் சரிவின் உணவை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஒரே திராட்சை இரகத்திலிருந்து உருவாக்கப்படும் எளிய விலை ஒயின்களை எந்த உணவோடு சேர்த்து உண்பது என்பதற்கு ஐரோப்பிய நூல்கள் வகுத்த நெறிகள், மிளகாயும் புளியும் மிகுந்த தென்தமிழக உணவுக்குப் பெரும்பாலும் பொருந்துவதில்லை. துவர்ப்பையும் கார்ப்பையும் தனிச் சுவைகளாகக் கொள்ளும் தமிழ் அறுசுவைப் பகுப்பு, இப்பொருத்தத்தை விளக்கத் தக்க கருவி என்பது இக்கட்டுரையின் கருதுகோள். சங்க இலக்கியத்தின் மதுச் சொற்கள், அண்மைக்கால உணவு வேதியியல் முடிவுகள், போடிநாயக்கனூர் வட்டாரத்தின் உணவு வழக்குகள் ஆகியவற்றின் துணையோடு இக்கருதுகோள் விளக்கப்படுகிறது. அதன் நீட்சியாகக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை, ஒயின் இரகம் என்ற நிலையில் மதிப்பிடப்படுகிறது.

திறவுச் சொற்கள்: அறுசுவை, தேறல், ஒற்றை இரக ஒயின், துவர்ப்பு, கார்ப்பு, பன்னீர் திராட்சை, போடிநாயக்கனூர்

1. முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த போடிநாயக்கனூர், ஏலக்காய் வணிகத்தால் அறியப்பட்ட ஊர். ஊருக்கு மேலே போடிமெட்டு வழியாக ஏறும் சாலை, ஏலமும் மிளகும் காப்பியும் விளையும் இடுக்கி மாவட்டத்து மலைகளைச் சென்றடைகிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏல விற்பனை நடைபெறும் இரண்டு இடங்களுள் போடி ஒன்று. மற்றொன்று கேரளத்தின் புற்றடி. ஊருக்குத் தெற்கே கம்பம் பள்ளத்தாக்கு விரிகிறது. 1895இல் முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீரால் வளம்பெற்ற இப்பள்ளத்தாக்கு, தமிழகத்தின் முதன்மையான திராட்சை நிலம்.

ஆகவே, மணப்பொருளும் திராட்சையும் ஒரே மாவட்டத்தில் அருகருகே விளைகின்றன. எனினும் இவ்வட்டார உணவோடு திராட்சை மதுவைச் சேர்த்துப் பேசும் எழுத்து தமிழில் அரிது. இதற்கு இரண்டு காரணங்களைச் சுட்டலாம். மதுவிலக்கும் அதன் பின்வந்த அரசு விற்பனை முறையும் மதுவைப் பற்றிய பேச்சைச் சட்டம், வருவாய், ஒழுக்கம் ஆகிய எல்லைகளுக்குள் நிறுத்தின என்பது முதற்காரணம். சுவையைப் பற்றிப் பேச முற்பட்டோரும் ஆங்கிலக் கலைச்சொற்களைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் பொருள் விளங்காமற்போனது என்பது இரண்டாம் காரணம். இக்கட்டுரை இரண்டாம் காரணத்தையே எடுத்துக்கொள்கிறது. மது அருந்துதலைப் பரிந்துரைப்பது இதன் நோக்கமன்று. மதுவின் எந்த அளவும் உடல்நலத்திற்குத் தீங்கற்றதன்று என உலக நலவாழ்வு நிறுவனம் 2023இல் அறிவித்துள்ளதை மனத்தில் கொண்டே இப்பொருள் இங்கு அணுகப்படுகிறது.

2. சொல்லும் பொருளும்

தமிழகத்தில் ‘ஒயின்’ என்னும் சொல்லின் நிலை விந்தையானது. பேச்சு வழக்கில் ‘ஒயின் ஷாப்’ என்பது பிராந்தியும் விஸ்கியும் ரம்மும் விற்கும் கடையையே குறிக்கும். திராட்சை ஒயின் அங்குக் கிடைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சொல் பரவியது; பொருள் உடன் வரவில்லை. மற்றொரு பக்கம், கிறித்தவ வழிபாட்டுத் தமிழில் ‘திராட்சரசம்’, ‘திராட்சை இரசம்’ என்னும் சொற்கள் நிலைபெற்றன. அவை பொருளைச் சரியாகச் சுட்டினாலும், நொதிக்காத பழச்சாற்றுக்கும் நொதித்த மதுவுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுவதில்லை.

சங்க இலக்கியச் சொற்கள் இவ்வகையில் கூர்மையானவை. பிழி, அரியல், தேறல், நறவு, மட்டு, தோப்பி எனப் பல சொற்கள் அங்கு வழங்குகின்றன. இவற்றுள் சில, செய்முறையின் ஒவ்வொரு நிலையையும் தம் வேரிலேயே கொண்டுள்ளன. ‘பிழி’ பிழிந்து எடுத்ததைக் குறிக்கும். ‘அரியல்’ அரித்து வடித்தது. ‘தேறல்’ என்பது தேறுதல், அதாவது தெளிதல் என்னும் வினையினின்று பிறந்து, வண்டல் அடங்கித் தெளிந்த மதுவைக் குறிக்கிறது. ‘நறவு’ நறுமை என்னும் மணப்பொருளோடு தொடர்புடையது. பழத்தைப் பிழிதல், நொதிக்க விடுதல், வடித்தல், தெளியவைத்தல், முதிரவைத்தல் என்பனவே இன்றைய ஒயின் ஆலையிலும் நிகழும் படிநிலைகள்.

அயல்நாட்டு ஒயினும் இச்சொற்களாலேயே குறிக்கப்பட்டது. பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரர் பாடிய புறநானூற்றின் 56ஆம் பாடல், யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பொற்கிண்ணத்தில் மகளிர் ஏந்தித் தர மன்னன் அருந்துவதைக் கூறுகிறது. அரிக்கமேட்டிலும் அழகன்குளத்திலும் கிடைத்த ஆம்போரா எனப்படும் இருகைப்பிடிச் சாடிகளின் துண்டுகள், மத்தியதரைக்கடல் பகுதியிலிருந்து ஒயின் வந்திறங்கியதற்குத் தொல்லியல் சான்றாக அமைகின்றன. அயற்பொருளுக்குப் புதுச்சொல் தேடாமல், தன்னிடமிருந்த ‘தேறல்’ என்னும் சொல்லையே அப்புலவர் ஆண்டார் என்பது கருதத்தக்கது.

இன்றைய பெயர்ப்புகளின் இடர்ப்பாட்டை ஓர் எடுத்துக்காட்டு விளக்கும். சர்க்கரை முழுதும் நொதித்துப்போன ஒயினை ஆங்கிலத்தில் வறண்டது என்னும் பொருள்படும் சொல்லால் குறிப்பர். அதனை ‘உலர் ஒயின்’ எனப் பெயர்த்தால், நீர்மப் பொருள் எவ்வாறு உலர்ந்திருக்கும் என்ற குழப்பமே எஞ்சும். ‘இனிப்பற்ற ஒயின்’ எனில் எவருக்கும் விளங்கும். அவ்வாறே டானின் தரும் உணர்வுக்குத் ‘துவர்ப்பு’ என்னும் சொல் காலங்காலமாக உள்ளது. பாக்கு, நாவற்பழம், வாழைப்பூ ஆகியவற்றை உண்டறிந்த எவருக்கும் அதனை விளக்க வேண்டியதில்லை.

3. ஒற்றை இரக ஒயினும் அதன் விலையும்

பல இரகங்களைக் கலந்து செய்யாமல், ஒரே திராட்சை இரகத்தை முதன்மையாகக் கொண்டு, அவ்விரகத்தின் பெயரையே சீட்டில் தாங்கி வருவது ஒற்றை இரக ஒயின். ஒரு புட்டி இரகப் பெயரைத் தாங்க வேண்டுமாயின் அவ்விரகத்தின் பங்கு அமெரிக்க நாட்டில் 75 விழுக்காடும், ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஆஸ்திரேலியாவிலும் 85 விழுக்காடும் இருத்தல் வேண்டும். வாங்குவோருக்கு இதனால் ஒரு நன்மை உண்டு. ஊர்ப்பெயரையும் தோட்டப்பெயரையும் மனப்பாடம் செய்யாமலேயே, இரகத்தின் பெயரைக் கொண்டு சுவையை ஓரளவு முன்னறியலாம்.

வெள்ளை, சிவப்பு என்னும் வேறுபாடு தோலைப் பொறுத்தது. பழத்தைப் பிழிந்தவுடன் தோலை நீக்கிச் சாற்றை மட்டும் நொதிக்க வைத்தால் வெள்ளை ஒயின் கிடைக்கும். கருந்திராட்சையின் தோலோடும் விதையோடும் நொதிக்க வைத்தால் நிறமும் துவர்ப்பும் இறங்கிச் சிவப்பு ஒயின் உருவாகும். எனவே வெள்ளையின் முதுகெலும்பு புளிப்பு. சிவப்பின் முதுகெலும்பு துவர்ப்பு.

இந்தியாவில் இவ்வகை ஒயின்களின் வரலாறு குறுகியது. பெங்களூருக்கு அருகே நந்திமலை அடிவாரத்தில் குரோவர் நிறுவனம் 1988இலும், நாசிக்கில் சூலா நிறுவனம் 1999இலும் தொடங்கப்பட்டன. மகாராட்டிரம் 2001இலும் கருநாடகம் 2007இலும் திராட்சை ஒயினுக்கெனத் தனிக்கொள்கைகளை வகுத்தன. இன்று செனின் பிளாங்க், சாவிஞான் பிளாங்க் ஆகிய வெள்ளை இரகங்களும், ஷிராஸ், கேபர்னே சாவிஞான், மெர்லோ, சின்பாண்டல், சாஞ்சியோவேசே ஆகிய சிவப்பு இரகங்களும் இந்திய மண்ணிலேயே விளைந்து புட்டியில் அடைக்கப்படுகின்றன.

இவற்றுள் சில ஏன் எளிய விலையில் கிடைக்கின்றன? ஓக் மரப்பீப்பாய் விலையுயர்ந்தது. வழக்கமான 225 லிட்டர் பீப்பாய் ஒன்று 300 புட்டிகளுக்கே போதும். சில ஆண்டுகளில் அதன் மணம் ஓய்ந்தும் விடும். எளிய விலை ஒயின்கள் துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியில் நொதித்து, சில மாதங்களிலேயே புட்டிக்கு வருகின்றன. மரத்தின் துவர்ப்பும் அடர்த்தியும் அவற்றில் குறைவு. பழத்தின் மணமும் புளிப்பும் மிகுதி. விலைக்குறைவின் காரணமே சுவையின் இயல்பையும் தீர்மானிக்கிறது என்பதை இங்குக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்வரும் வாதத்திற்கு இது அடிப்படை.

இந்திய அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் மது மாநிலப் பட்டியலைச் சார்ந்தது. சரக்கு மற்றும் சேவை வரிக்கும் அது உட்படுவதில்லை. எனவே ஒரே புட்டியின் விலை மாநிலந்தோறும் வேறுபடும். தமிழகத்தில் 1983இல் அமைக்கப்பட்ட டாஸ்மாக் நிறுவனமே 2003 முதல் சில்லறை விற்பனையையும் மேற்கொண்டு வருகிறது. ஆகவே ‘எளிய விலை’ என்பது இக்கட்டுரையில் ரூபாய்க் கணக்கைக் குறிக்காமல், மரப்பீப்பாயில் முதிராத இளம் ஒயின் என்னும் வகையைக் குறிக்கிறது.

4. மதுவும் துணையுணவும்: சங்கப் பதிவுகள்

மதுவோடு எதை உண்பது என்ற தேர்வு தமிழுக்குப் புதியதன்று. கோப்பெருஞ்சோழனைப் பிசிராந்தையார் பாடிய புறநானூற்றின் 212ஆம் பாடலில், உழைப்பாளர் கள்ளோடு ஆமை இறைச்சியையும் சுட்ட ஆரல் மீனையும் உண்கின்றனர். கொழுப்பு மிகுந்த சுட்ட மீனும் புளித்த கள்ளும் அங்கு இணைகின்றன. ஆவூர் மூலங்கிழாரின் 177ஆம் பாடல் இன்னும் நுட்பமானது. மதுவுண்டு கண் சிவந்த ஆடவர் புளிப்புச் சுவையை விரும்பிக் களாப்பழத்தையும் துடரிப்பழத்தையும் உண்கின்றனர். அவை சலித்தபின் ஆற்று மணல்மேட்டில் ஏறி நாவற்பழம் பறித்து உண்கின்றனர். புளிப்பிலிருந்து துவர்ப்புக்கு நகரும் இந்த வரிசையில், சுவைகளின் ஒழுங்கை உணர்ந்த நாவொன்று புலப்படுகிறது.

மலைவாழ்வோடு இணைந்த பதிவும் உண்டு. திருமுருகாற்றுப்படை, மலைபடுகடாம், ஆய் அண்டிரனைப் பற்றிய புறநானூற்றின் 129ஆம் பாடல் ஆகியவற்றில் மூங்கில் குழாயில் முதிர்ந்த தேறல் குறவர்க்கு உரியதாகக் காட்டப்படுகிறது. முதிர்ந்த தேறலின் கடுமை, புறநானூற்றின் 392ஆம் பாடலில் தேள் கொட்டும் கடுப்போடும், சிறுபாணாற்றுப்படையில் பாம்பின் சினத்தோடும் ஒப்பிடப்படுகிறது. மதுவின் எரிவு, சுவையாகவும் வலியாகவும் ஒருசேர உணரப்பட்டதை இவ்வுவமைகள் காட்டுகின்றன. இவ்வுணர்வு அடுத்த பகுதியின் மையப்பொருளாகிறது.

இச்சான்றுகளைக் கொண்டு பழந்தமிழர் இன்றைய பொருளில் ஒயின் பொருத்தம் அறிந்திருந்தனர் என முடிவு கட்டுவது மிகையாகும். கள், நெல்லிலிருந்து செய்த தோப்பி, தேனில் விளைந்த தேறல் ஆகியவை திராட்சை ஒயினிலிருந்து வேறானவை. சுவைக்குச் சுவை சேர்த்துப் பார்க்கும் நோக்கும் அதற்குரிய சொற்களும் இருந்தன என்பதே இங்கு ஏற்கத்தக்க அளவு.

5. அறுசுவையும் ஒயினின் கூறுகளும்

இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, துவர்ப்பு, கைப்பு, கார்ப்பு என்னும் அறுவகைப் பகுப்பு தமிழ் மரபில் ஆழ வேரூன்றியது. நாலடியாரின் முதற்பாடலே அறுசுவை உணவைச் சுட்டித்தான் செல்வத்தின் நிலையாமையை உரைக்கிறது. சித்த மருத்துவம் ஒவ்வொரு சுவையையும் இரண்டிரண்டு பூதங்களின் சேர்க்கையாகக் கொள்கிறது. அவ்வகையில் கார்ப்பு தீயும் காற்றும் கூடியது.

மேலை அறிவியல் இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு ஆகியவற்றோடு, 1908இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இக்கெடா கண்டறிந்த உமாமியையும் சேர்த்து ஐந்து சுவைகள் எனக் கொள்கிறது. துவர்ப்பும் கார்ப்பும் அப்பட்டியலில் இல்லை. டானின்கள் உமிழ்நீர்ப் புரதங்களோடு பிணைந்து நாவின் வழவழப்பைப் போக்குவதால் துவர்ப்பு தொடுவுணர்வாகவும், மிளகாயின் கேப்சைசின் வெப்ப ஏற்பியைத் தூண்டுவதால் கார்ப்பு வலியுணர்வாகவும் வகைப்படுத்தப்படுகின்றன. இவ்வேற்பி 1997இல் கண்டறியப்பட்டது. அதற்காக டேவிட் ஜூலியஸ் 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

உடலியங்கியல் நோக்கில் அப்பகுப்பு சரியானதே. உண்போர் நோக்கிலோ இவ்விரண்டும் மற்றச் சுவைகளோடு ஒன்றாகவே வாயில் நிகழ்கின்றன. தேனி வட்டாரத்துத் தட்டில் கார்ப்பே முதற்சுவை. சிவப்பு ஒயினில் துவர்ப்பே முதற்சுவை. இரண்டையும் விட்டுவிட்டுப் பொருத்தம் பேச இயலாது. அறுசுவை அளவுகோலின் பயன் இங்கேதான் உள்ளது.

*அட்டவணை 1: அறுசுவையும் ஒயினும்*

| சுவை | ஒயினில் அதன் மூலம் | உணவோடு சேரும்போது |
|---|---|---|
| இனிப்பு | நொதிக்காது எஞ்சிய சர்க்கரை | காரத்தைத் தணிக்கும். உணவு ஒயினைவிட இனித்தால் ஒயின் வெறும் புளிப்பாகத் தோன்றும் |
| புளிப்பு | டார்டாரிக், மாலிக் அமிலங்கள் | எண்ணெய்ப் பிசுக்கை அகற்றும். புளிக்குழம்புக்கு நிகரான புளிப்பு ஒயினிலும் வேண்டும் |
| உவர்ப்பு | மிகக் குறைவு. உணவிலிருந்தே வருவது | துவர்ப்பையும் கைப்பையும் மென்மையாக்கும் |
| துவர்ப்பு | தோல், விதை, மரப்பீப்பாய் ஆகியவற்றின் டானின் | இறைச்சிப் புரதத்தாலும் கொழுப்பாலும் தணியும். மிளகாய்க் காரத்தோடு சேர்ந்தால் கடுமையாகத் தோன்றும் |
| கைப்பு | டானின், ஆல்கஹால் | பாகற்காய், சுண்டைக்காய் ஆகியவற்றோடு மிகும் |
| கார்ப்பு | ஆல்கஹாலின் எரிவு | மிளகாயின் எரிவோடு கூடும் |

அட்டவணையின் இறுதி வரிசை தனி விளக்கம் பெறத்தக்கது. வெப்ப ஏற்பி வழக்கமாக ஏறத்தாழ 42 பாகை செல்சியஸில் தூண்டப்படுவது. ஆல்கஹால் சூழலில் ஏறத்தாழ 34 பாகையிலேயே அது தூண்டப்படுகிறது என 2002இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. வாயின் இயல்பான வெப்பமே ஏறத்தாழ இந்த அளவினது. ஆகவே ஏற்கெனவே மிளகாயால் எரியும் நாவில் ஆல்கஹால் மிகுந்த மது படும்போது, எரிவு அணைவதற்கு மாறாக மூளும். தேள் கடுப்பு என்ற பழைய உவமைக்கு இஃது ஒரு வேதியியல் உரையெனலாம்.

இதிலிருந்து ஒரு விதி பெறப்படுகிறது. காரம் மிகுந்த உணவோடு ஆல்கஹாலும் துவர்ப்பும் குறைந்து, புளிப்போ சிறிது இனிப்போ கூடிய ஒயினே ஒத்துவரும். இவ்வியல்புகள் மரப்பீப்பாயில் முதிராத இளம் ஒயின்களில் மிகுதி. விலையுயர்ந்த, அடர்த்தியான சிவப்பு ஒயின் இவ்வட்டாரச் சாப்பாட்டோடு சேரும்போது தன் சிறப்பையே இழக்கிறது. எளிய விலை இங்குக் குறையன்று. பெரும்பாலும் அதுவே பொருத்தம்.

6. மலைச்சரிவின் உணவும் ஏற்ற இரகங்களும்

6.1 வெள்ளை இரகங்கள்

புளிக்கரைசலில் கொதித்த மீன் குழம்பு இவ்வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு உள்ளது. மலைமேல் ஏலத்தோட்டப் பகுதிகளில் மரவள்ளிக்கிழங்கும் மீன்கறியும் இணைந்து வருகின்றன. புளிப்பு குறைந்த ஒயின் இக்குழம்பின் முன் சப்பென்று தோன்றும். செனின் பிளாங்க் இயல்பிலேயே புளிப்பு மிகுந்த இரகம். வெப்பநிலத்தில் விளைந்தாலும் அப்புளிப்பை ஓரளவு காத்துக்கொள்வது. சிறிது இனிப்பு எஞ்சவிட்டுச் செய்த செனின், காரக்குழம்புக்கு இன்னும் ஏற்றது.

மீனோடு சிவப்பு ஒயின் சேராது என்ற பொதுவழக்குக்குத் துவர்ப்பு மட்டும் காரணமன்று. சிவப்பு ஒயினிலுள்ள இரும்பு, மீன் கொழுப்போடு வினைபுரிந்து கவிச்சு வாடையை எழுப்புகிறது என ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் நிறுவினர். கருவாட்டுக் குழம்புக்கும் இவ்விளக்கம் பொருந்தும். கருவாட்டில் உமாமி மிகுதி. உமாமி துவர்ப்பையும் கைப்பையும் தூக்கிக்காட்டும். அறுசுவைப் பகுப்பு உமாமியைத் தனியே பெயரிடவில்லை என்பது இவ்வளவுகோலின் எல்லை. கருவாடு, மொச்சைக் குழம்பு, காளான் ஆகியவற்றைப் பொறுத்தவரை அதனை ஐந்து சுவைப் பகுப்போடு சேர்த்தே பயன்படுத்த வேண்டும்.

சாவிஞான் பிளாங்க்கில் இருவகை மணங்கள் உள்ளன. ஒன்று, குடைமிளகாயிலும் உள்ள மெத்தாக்சிபைரசின்கள் தரும் பச்சிலை மணம். மற்றொன்று, தயால் எனப்படும் கந்தகச் சேர்மங்கள் தரும் கொய்யா, தாட்பூட்பழம் போன்ற பழமணம். கொத்தமல்லித்தழைத் துவையல், மாங்காய்ப் பச்சடி, கறிவேப்பிலை மிகுந்த வறுவல் ஆகியவற்றின் பசுமையோடு இவ்விரகம் இணைகிறது.

6.2 சிவப்பு இரகங்கள்

மிளகும் மிளகாயும் பெயரால் உறவுடையன. மிளகு போன்ற காய் என்பதாலேயே அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழி வந்த காய்க்கு மிளகாய் என்னும் பெயர் அமைந்தது. ஒயினைப் பொறுத்தவரை இரண்டையும் வேறுபடுத்தியே பார்க்க வேண்டும். ஷிராஸ் ஒயினில் வீசும் மிளகு மணத்துக்கு ரோட்டண்டோன் என்னும் சேர்மமே காரணம் என்பதையும், மிளகின் மணத்துக்கும் அச்சேர்மமே சிறப்பளிக்கிறது என்பதையும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்டனர். ஏறத்தாழ ஐந்தில் ஒருவரால் இம்மணத்தை உணர இயலவில்லை என்பதும் அவ்வாய்வில் தெரியவந்தது. ஒரே ஒயினைப் பற்றி இருவர் முரண்பட்டுப் பேசுவதற்குச் சுவையறிவின்மை மட்டுமே காரணமாகாது என்பதற்கு இது சான்று.

எனவே மலைமிளகை இடித்துப் போட்டு வறுத்த ஆட்டுக்கறிக்கு இளம் ஷிராஸ் இயல்பான துணை. இறைச்சியின் புரதமும் கொழுப்பும் துவர்ப்பைத் தணிக்க, மிளகு மணம் இரண்டிலும் ஒன்றாக ஒலிக்கும். வரமிளகாய் மிகுந்த சுக்காவுக்கோ அதே ஷிராஸ் எரிவைக் கூட்டும். தக்காளி மிகுந்த சால்னாவும் பரோட்டாவும் உண்ணும்போது, சிவப்பு இரகங்களுள் புளிப்பு மிக்க சாஞ்சியோவேசே ஏற்றது. தக்காளியின் புளிப்புக்கு அதுவே ஈடுகொடுக்கும். துவர்ப்பு மென்மையான மெர்லோ, காரம் மட்டான நாட்டுக்கோழிக் குழம்போடு ஒத்துப்போகும். கேபர்னே சாவிஞான் துவர்ப்பு மிகுந்தது. கொழுப்பு நிறைந்த, காரம் குறைந்த ஆட்டிறைச்சிக்கு மட்டுமே அது உகந்தது.

பரிமாறும் வெப்பநிலையிலும் ஐரோப்பிய நெறி தடுமாறுகிறது. சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் அருந்துக என்னும் அறிவுரை, 16 முதல் 18 பாகை கொண்ட குளிர்நாட்டு அறையை எண்ணிச் சொல்லப்பட்டது. கோடையில் போடியின் அறை வெப்பம் 30 பாகையைக் கடக்கும். அவ்வெப்பத்தில் ஆல்கஹாலின் எரிவே முன்னிற்கும். இங்குச் சிவப்பு ஒயினையும் சிறிது குளிரவைத்தே பரிமாற வேண்டும்.

7. பன்னீர் திராட்சை: ஒரு மறுமதிப்பீடு

மேற்கண்ட விதியைக் கம்பம் பள்ளத்தாக்கின் சொந்தத் திராட்சைக்குப் பொருத்திப் பார்ப்பது தகும். ‘கம்பம் பன்னீர் திராட்சை’ 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. கம்பம் பகுதியில் பத்துக் கிராமங்களில் ஏறத்தாழ 2,000 ஏக்கரில் இது பயிராகிறது. தமிழகத்தில் இவ்விரகம் விளையும் பரப்பில் ஏறத்தாழ 85 விழுக்காடு இங்குள்ளது. 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவரால் இது தமிழகத்திற்கு அறிமுகமானதாகக் கூறப்படுகிறது. ஆண்டு முழுவதும் அறுவடையாவது இதன் தனிச்சிறப்பு. ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது.

உலக வழக்கில் இவ்விரகம் மஸ்கட் ஹாம்பர்க் எனப்படும். ஸ்கியாவா குரோசா என்னும் கருந்திராட்சையும் அலெக்சாந்திரியா மஸ்கட்டும் இணைந்து பிறந்த கலப்பினம் இது. பிரான்சில் உண்ணும் பழமாகவே பெரிதும் விற்கப்படுகிறது. இதிலிருந்து செய்யும் சிவப்பு ஒயின் வெளிறிய நிறமும் குறைந்த துவர்ப்பும் உடையது என்பதே ஒயின் வல்லுநர் இதனைத் தாழ்வாக மதிப்பிடக் காரணம்.

அறுசுவை அளவுகோலில் நிறுத்தினால் இக்குறை இடம் மாறுகிறது. துவர்ப்புக் குறைவு, கார்ப்பு மிகுந்த உணவுக்கு முன்நிபந்தனை. மணத்தைப் பொறுத்தும் ஒரு பிணைப்பு உண்டு. மஸ்கட் குடும்பத்தின் மணம் லினலூல், ஜெரானியால், நெரால் ஆகிய டெர்ப்பீன்களால் அமைவது. ஜெரானியாலும் நெராலும் ரோஜா எண்ணெயிலும் உள்ளன. ‘பன்னீர்’ என மக்கள் இட்ட பெயர் அம்மணத்துக்கு அப்படியே பொருந்துகிறது. கொத்தமல்லி விதையின் எண்ணெயில் லினலூலே முதன்மைக் கூறு. ஏலக்காயில் சினியோலும் டெர்ப்பினைல் அசிட்டேட்டும் மிகுந்திருப்பினும் லினலூலும் சிறிதளவு உண்டு. ஆகவே மல்லி அரைத்த குழம்பும் ஏலம் தட்டிப் போட்ட பாயசமும் இத்திராட்சையோடு மணத்தால் உறவுடையன. சிறிது இனிப்பு எஞ்சவிட்டு, ஆல்கஹாலைக் குறைத்துச் செய்யப்படும் பன்னீர் ஒயின், குழம்புக்கும் இனிப்புக்கும் ஒருங்கே துணையாகக்கூடும். பயிற்சிபெற்ற சுவைஞர் குழுவைக் கொண்டு உள்ளூர் உணவோடு இதனைச் சோதித்தல் அடுத்த கட்ட ஆய்வாக அமையத்தக்கது.

இம்மதிப்பீடு உழவரின் வாழ்வோடும் தொடர்புடையது. பன்னீர் திராட்சையின் தோல் மெல்லியது. பறித்த பழம் நெடுநாள் தாங்காது. வரத்து மிகும் நாளில் சொன்ன விலைக்கு விற்பதைத் தவிர விளைவித்தோருக்கு வேறு வழி குறைவு. பழச்சாறு, உலர்பழம், ஒயின் போன்ற மாற்றுப் பயன்கள் அவ்விலைச்சரிவைத் தாங்கும் தூண்களாக அமையக்கூடியவை. ஒயின் செய்ய உரிமம் வேண்டும்; விற்பனை அரசின் கையில் உள்ளது; மதுவிலக்கை நோக்கிச் செல்லுமாறு அரசமைப்பின் 47ஆம் உறுப்பு அரசுகளை வழிகாட்டுகிறது. இவற்றிடையே எடுக்கப்படும் கொள்கை முடிவு எதுவாயினும், இத்திராட்சை ஒயினுக்குத் தகுதியற்றது என்ற முன்முடிவை அடித்தளமாகக் கொள்ளலாகாது. அம்முன்முடிவு வேறொரு நாட்டு உணவை வைத்து அளந்தது.

8. முடிவுரை

ஒயினின் தரத்தை உணவினின்று பிரித்து அளக்க இயலாது. உணவு மாறும்போது அளவுகோலும் மாற வேண்டும். ஏலமலைச் சரிவின் உணவில் கார்ப்பும் புளிப்பும் தலைமை தாங்குகின்றன. அவற்றை எதிர்கொள்ளும் ஒயினுக்குப் புளிப்பும் மணமும் வேண்டும். துவர்ப்பும் ஆல்கஹாலும் அடங்கியிருக்க வேண்டும். இவ்வியல்புகள் எளிய விலை ஒற்றை இரக ஒயின்களில் இயல்பாகவே அமைந்துள்ளன. செனின் பிளாங்க், சாவிஞான் பிளாங்க் ஆகியவை மீனுக்கும் புளிக்குழம்புக்கும், இளம் ஷிராஸ் மிளகு வறுவலுக்கும், சாஞ்சியோவேசே தக்காளிக் குழம்புக்கும் ஏற்றன என்பது வேதியியல் சான்றுகளின் வழிப் பெறப்பட்டது. பன்னீர் திராட்சையின் குறையாகக் கருதப்பட்ட துவர்ப்பின்மை, இவ்வட்டார உணவை வைத்து நோக்கின் அதன் வலிமையாகலாம்.

துவர்ப்பு, கார்ப்பு, தேறல், அரியல் போன்ற சொற்கள் அகராதிக்குள் உறங்குபவை அல்ல. இன்றைய பொருளொன்றை விளக்கப் பிறமொழிக் கலைச்சொற்களைக் காட்டிலும் அவை துல்லியமாக உதவுகின்றன. உணவியல், வேளாண்மை, தமிழியல் ஆகிய துறைகள் இணைந்து சுவைக் கலைச்சொற்களைத் தொகுத்தல் இக்கட்டுரை முன்வைக்கும் பணியாகும்.